நிலைபேறான அபிவிருத்தியும் நமது கடமையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நிலைபேறான அபிவிருத்தி என்பதாகும். இச்சொற்றொடரைக் கேளாதார் இன்று இலர் எனலாம். அமைச்சர்களின் உரைகளில் இது வருகின்றது. பாடசாலைப் புத்தகங்களில் வருகின்றது. வங்கிகளின் ஆண்டறிக்கைகளிலும் விளம்பரப் பலகைகளிலும் வருகின்றது. 2017ஆம் ஆண்டில் நமது நாட்டுப் பாராளுமன்றம் இப்பெயராலேயே ஒரு சட்டமும் இயற்றியது. ஒரு சொல்லை எல்லோரும் சொல்லத் தொடங்கினால், பலர் கைபட்ட நாணயம் போல அதன் முகம் தேய்ந்துபோவது இயல்பு. ஆகவே, அச்சொல் எங்கிருந்து வந்தது, அதைப்பற்றி அறிஞர்கள் என்ன வாதிடுகின்றார்கள், நமது ஊருக்கும் நமது கிணற்றுக்கும் அதனால் ஆவது யாது என்ற மூன்றையும் இன்று சற்று ஆராய்வோம்.

சொல்லின் வரலாறு

கருத்து மிகப் பழையது. விதைநெல்லை உண்ணலாகாது என்பதை நமது கமக்காரர்களுக்கு எவரும் புத்தகம் எழுதிக் கற்பிக்கவில்லை. ஐரோப்பாவில் இதனை முறையாக எழுதி வைத்தவர்களுள் முன்னோடி என்று ஹான்ஸ் கார்ல் வொன் கார்லோவிற்ஸ் என்பவரைச் சொல்வர். அவர் ஜேர்மனியின் சக்சனிப் பகுதியில் சுரங்கங்களை நிருவகித்த அதிகாரி. உலோகத்தை உருக்குவதற்கு விறகு வேண்டும். விறகுக்காகக் காடுகள் வெட்டப்பட்டு அழிந்துகொண்டிருந்தன. காடு எவ்வளவு வளருகின்றதோ அவ்வளவே வெட்டப்படவேண்டும் என்று 1713ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் எழுதினார். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் காட்டைத் தொடவே கூடாது என்று சொன்னவர் அல்லர். அவருக்கு விறகு தேவைப்பட்டது. நாளைக்கும் தேவைப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நமது காலத்தில் இக்கருத்து உலக அரங்கிற்கு வந்தது 1972ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு சுவீடன் நாட்டின் ஸ்ரொக்கோம் நகரில் மனிதச் சூழல்பற்றிய ஐக்கிய நாடுகள் மகாநாடு கூடியது. அதே ஆண்டில் வளர்ச்சிக்கு எல்லை உண்டு என்று கணிப்பொறியின் துணைகொண்டு வாதிட்ட ஒரு நூலும் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பணக்கார நாடுகள் புகையையும் கழிவையும்பற்றிக் கவலைப்பட்டன. ஏழை நாடுகளோ, நாங்கள் இன்னும் உண்ணவே தொடங்கவில்லை, அதற்குள் இலையை மடிக்கச் சொல்கிறீர்களா என்ற மனநிலையில் இருந்தன. அம்மகாநாட்டில் பேசிய இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி, வறுமையும் இல்லாமையுமே சூழலைப் பெரிதும் மாசுபடுத்துபவை அல்லவா என்ற கருத்துப்படக் கேட்டது உலகத்தின் காதில் விழுந்தது.

இவ்விரு குரல்களையும் ஒன்றாக்க எடுத்த முயற்சிதான் நிலைபேறான அபிவிருத்தி. 1983ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. நோர்வே நாட்டின் பிரதமராக இருந்த குறோ ஹார்லெம் புறுண்ட்லாந்து அம்மையார் அதன் தலைவி. 1987இல் வெளிவந்த அதன் அறிக்கை தந்த விளக்கத்தின் சாரம் இதுதான்: இன்றைய மக்களின் தேவைகள் நிறைவேறவேண்டும், ஆனால் பின்வரும் தலைமுறையினர் தமது தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலை அது பறித்துவிடலாகாது.

இவ்விளக்கத்தைப் பலர் பாதியாகவே நினைவில் வைத்திருக்கின்றனர். வருங்காலச் சந்ததி என்ற பகுதி நினைவில் நிற்கின்றது. ஆனால் அறிக்கை தேவை என்று சொன்னபோது, முதன்மையாக உலகின் ஏழைகளின் தேவையையே குறித்தது. நாளைய பிள்ளைக்கு இரங்குபவர் இன்றைய ஏழையின் பிள்ளையை மறந்தால், அது இவ்வறிக்கை சொன்ன அபிவிருத்தி அன்று.

அதன்பின் 1992இல் பிரேசிலின் றியோ டி ஜெனீரோ நகரில் பெரிய மகாநாடு கூடி 27 கோட்பாடுகளை வெளியிட்டது. சூழலைக் காக்கும் பொறுப்பு எல்லா நாடுகளுக்கும் பொது, ஆயினும் அதன் அளவு நாட்டுக்கு நாடு வேறு என்பது அவற்றுள் ஒன்று. பாதிக்கப்படும் மக்களைக் கலந்துகொண்டே முடிவெடுக்கவேண்டும் என்பது மற்றொன்று. 2015இல் ஐக்கிய நாடுகள் சபையின் 193 அங்கத்துவ நாடுகளும் 2030ஆம் ஆண்டுக்குள் அடையவேண்டியவை என 17 இலக்குகளையும், அவற்றின் கீழ் 169 குறிகளையும் ஏற்றுக்கொண்டன. 2024இல் அச்சபையே வெளியிட்ட அறிக்கையின்படி, கணக்கிட முடிந்த குறிகளுள் 17 சதவீதமே உரிய வழியில் சென்றுகொண்டிருந்தன.

அறிஞர்களின் வாதங்கள்

இனி வாதங்களுக்கு வருவோம். முதல் வாதம் சொல்லைப்பற்றியது. நிலைபேறு, அபிவிருத்தி என்ற இரண்டும் எதிர்த்திசையில் இழுக்கும் இரு மாடுகள் என்று சிலர் கூறுவர். உலகம் ஓர் அளவுக்குட்பட்டது. அளவுக்குட்பட்ட ஒன்றினுள் அளவற்ற வளர்ச்சி எவ்வாறு இயலும் என்பது அவர்கள் கேள்வி. மற்றவர்களோ, வளர்ச்சி இல்லையேல் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் பணம் ஏது என்று கேட்பர். இரு திறத்தாரின் கேள்வியும் நேர்மையானதே. மின்விளக்கு இல்லாத வீட்டுக்கு மின்சாரம் வருவதும், ஐந்து அறைகளில் குளிரூட்டி ஓடும் வீட்டுக்கு ஆறாவது வருவதும் புள்ளிவிபரத்தில் ஒரே வளர்ச்சியாகத் தோன்றலாம். அறத்தில் அவை ஒன்றல்ல.

இரண்டாவது வாதம் மிகவும் ஆழமானது. நமது முன்னோர் நமக்கு விட்டுச்சென்றதை அப்படியே நாம் பின்னோர்க்கு விடவேண்டுமா, அல்லது அதன் பெறுமதியை வேறொரு வடிவில் விட்டாலும் போதுமா? அமெரிக்கப் பொருளியலறிஞர் றொபேட் சோலோ இரண்டாவது பக்கத்தில் நின்றார். நிலத்தடியிலுள்ள கனியத்தை எடுத்து விற்கலாம். அப்பணத்தைக் கல்வியாகவும் இயந்திரமாகவும் பாலமாகவும் மாற்றிக் கொடுத்தால் பின்னோர் குறையுற மாட்டார்கள் என்பது அவர் கொள்கையின் சாரம். உலக வங்கியில் பணியாற்றிய ஹேர்மன் டேலி இதனை மறுத்தார். மீன் அற்றுப்போன கடலில் எத்தனை வள்ளங்கள் இருந்தும் என்ன பயன் என்பது அவர் வாதத்தின் போக்கு. அவர் மூன்று விதிகளை வகுத்தார். மீண்டும் வளரக்கூடியதை அது வளரும் வேகத்துக்கு மேல் எடுக்கலாகாது. கழிவை நிலமும் நீரும் தாங்கும் அளவுக்கு மேல் விடலாகாது. மீண்டும் வளராததை, அதற்கு மாற்றீடு உண்டாகும் வேகத்துக்கு மேல் தோண்டலாகாது.

மூன்று விதிகளிலும் ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருகின்றது. எடுக்கலாமா என்று டேலி கேட்கவில்லை. எந்த வேகத்தில் எடுக்கலாம் என்றே கேட்கின்றார். இதனோடு நாம் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பவர் யார்? இவ்விரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, ஏட்டிலிருந்து நாட்டுக்கு வருவோம். நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பொசுபேற்று. பயிர் வேர்விட்டு மணிபிடிக்க இன்றியமையாத பசளைக் கல் இது.

நவூரு தீவின் கதை

பசிபிக் சமுத்திரத்தில் நவூரு என்றொரு தீவு உண்டு. அதன் பரப்பு 21 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. தீவின் நடுமேடு முழுவதும் உயர்ந்த தரப் பொசுபேற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நியர் அதனைத் தோண்டத் தொடங்கினர். அவுஸ்திரேலியா, பிரித்தானியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளும் கூடி நெடுங்காலம் தோண்டித் தம் வயல்களைச் செழிக்கச் செய்தன. 1968இல் நவூரு சுதந்திரம் பெற்றது. பின்னர் நவூரு மக்களே தோண்டினர். 1970களில் ஆள்வீத வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளுள் ஒன்றாக அத்தீவு நின்றது. கல் தீர்ந்தபின் வாழ்வதற்கென்று ஒரு நிதியமும் அமைத்தனர்.

சோலோ சொன்ன வழி இதுவே எனலாம். கல்லைப் பணமாக்கு, பணத்தை முதலாக்கு என்பது அவர் கணக்கு. ஆனால் அந்த நிதியம் வெளிநாட்டுக் கட்டடங்களிலும் மோசமான முதலீடுகளிலும் கரைந்தது. இலண்டன் மேடையில் தோல்வியுற்ற ஒரு நாடகத்திலும் அதன் பணம் போயிற்று. கல்லும் தீர்ந்தது, பணமும் தீர்ந்தது. தீவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலம், பல் போலக் கூர்த்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளாக மிஞ்சியது. அங்கே பயிர் விளையாது. வீடு கட்டவும் இயலாது. கனியத்தைப் பணமாக்குதல் கணக்கில் எளிது. பணத்தை மீண்டும் நிலமாக்குதல் மிகக் கடினம் என்பதற்கு நவூரு சாட்சி.

இக்கதையில் நமது நாட்டவர் ஒருவருக்கும் பங்குண்டு. 1986இல் நவூரு அரசாங்கம், தோண்டப்பட்ட நிலங்களைத் திருத்துவதுபற்றி ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அதன் தலைவராக இருந்தவர் இலங்கையின் முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி அவர்கள். 1989இல் நவூரு அவுஸ்திரேலியாமீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1993இல் அவுஸ்திரேலியா 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் கொடுக்க இசைந்து வழக்கு முடிவுற்றது.

வீரமந்திரி அவர்கள் பின்னர் அச்சர்வதேச நீதிமன்றத்தின் நீதியரசராகவும் உப தலைவராகவும் விளங்கினார். தன்யூப் நதியின் அணைக்கட்டுகள்பற்றி ஹங்கேரிக்கும் சிலோவாக்கியாவுக்கும் இடையே எழுந்த வழக்கில், 1997ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25ஆந் திகதி அவர் தனியே ஒரு கருத்துரை எழுதினார். நிலைபேறான அபிவிருத்தி வெறும் விருப்பம் அன்று, சட்ட வலிமையுள்ள கோட்பாடு என்று அதில் வாதிட்டார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் முதன்மையானவை இலங்கையின் பண்டைக் குளங்களும் வாய்க்கால்களுமாகும். மேனாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த கருத்து என்று பலர் எண்ணியிருந்த ஒன்றுக்கு, வரண்ட வலயத்துக் குளக்கட்டுகளிலிருந்து அவர் சான்று எடுத்தார். இது நாம் பெருமைப்படத்தக்கது. ஆனால் பெருமைப்படுவதோடு நின்றுவிடலாகாது. அடுத்த சோதனை நமது நாட்டிலேயே வந்தது.

எப்பாவலை வழக்கு

அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவலை என்ற இடத்தில் 1971ஆம் ஆண்டு பொசுபேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. 1990களில் அதனை ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு கூடிப் பெருமளவில் தோண்டுவதற்கு அரசாங்கம் ஓர் உடன்படிக்கை செய்ய முனைந்தது. 30 ஆண்டுகளுள் 26.1 மில்லியன் மெட்றிக் தொன் வரை எடுக்க அதில் இடமிருந்தது. சராசரியாக ஆண்டொன்றுக்கு 870,000 தொன். அந்நாளில் நமது நாடு அங்கே தன் தேவைக்கு எடுத்து வந்ததோ ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 தொன். பல தலைமுறைக்கு வரக்கூடியது ஒரு தலைமுறைக்குள் தீர்ந்திருக்கும். ஏறத்தாழ 12,000 மக்கள் தம் வீடும் வயலும் விட்டு எழவேண்டியிருந்தது.

அப்பகுதியூடாகவே ஜயகங்கை ஓடுகின்றது. தாதுசேன மன்னன் காலத்தில், ஐந்தாம் நூற்றாண்டில், கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்ல வெட்டிய வாய்க்கால் அது. நீளம் 54 மைல். முதல் 17 மைலில் அதன் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம் மாத்திரமே என்பர். இன்றும் வயல்களுக்கு நீர் கொடுத்து வருகின்றது. பதினைந்து நூற்றாண்டு ஓடிய வாய்க்காலை முப்பது ஆண்டுச் சுரங்கத்துக்கு இரையாக்கலாமா என்ற கேள்வி எழுந்தது.

எப்பாவலைக் கமக்காரரும், நிலவுடைமையாளரும், ஒரு விகாரையின் தலைமைத் தேரரும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டு யூன் 2ஆந் திகதி நீதியரசர் அமரசிங்க அவர்கள் தீர்ப்பை எழுதினார். கனியம் அரசாங்கத்தின் சொத்து, அதனை விற்பது அரசாங்கத்தின் விருப்பம் என்ற வாதத்தை நீதிமன்றம் அப்படியே ஏற்கவில்லை. நாட்டின் வளங்களை மக்கள் ஒரு பாதுகாவலரிடம் ஒப்படைப்பது போலவே அரசாங்கத்திடம் ஒப்படைத்திருக்கின்றனர். அப்பாதுகாவலர் இன்றைய மக்களுக்கும் வரப்போகும் மக்களுக்கும் கணக்குச் சொல்லவேண்டியவர் என்பது தீர்ப்பின் கருத்து. ஸ்ரொக்கோம், றியோ மகாநாடுகளின் கோட்பாடுகளையும் நீதிமன்றம் எடுத்தாண்டது. பிள்ளையின் சொத்தைப் பராமரிக்கும் பாதுகாவலர் அச்சொத்தைத் தம் சொந்தப் பணமாகச் செலவிட முடியாது என்பதை நாம் யாவரும் அறிவோம். அதே நியாயம் ஒரு நாட்டுக்கும் பொருத்தப்பட்டது.

இத்தீர்ப்பில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எப்பாவலையைத் தோண்டவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. படிவு எவ்வளவு, எத்தன்மையது என்பதை முழுமையாக ஆராயுங்கள்; ஆராய்ச்சியின் முடிவைப் பகிரங்கமாக வெளியிடுங்கள்; சூழல் பாதிப்பைச் சட்டப்படி மதிப்பிட்டு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அங்கீகாரம் பெறுங்கள்; அதுவரை உடன்படிக்கையில் கையொப்பமிடாதீர்கள் என்றே கட்டளையிட்டது. எவ்வளவு, எந்த வேகம், தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விகளையே நீதிமன்றமும் கேட்டது.

2021ஆம் ஆண்டுப் பாடம்

எப்பாவலை வென்றது என்று மகிழ்ந்து நாம் இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் பாதி உண்மையே சொன்னவராவோம். மறுபாதி 2021இல் வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளைகளையும் கிருமிநாசினிகளையும் இறக்குமதி செய்வதை ஒரே நாளில் தடைசெய்தது. இயற்கை வேளாண்மை, மக்களின் ஆரோக்கியம், மண்ணின் நலம் என்ற நல்ல சொற்களெல்லாம் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு பின்னால் நின்றது. கமக்காரரைக் கேட்டவர் இல்லை. போதிய கூட்டெரு நாட்டில் இல்லை. நெற்பயிருக்கு எவ்வளவு நைதரசன் வேண்டும், அது எங்கிருந்து வரும் என்ற கணக்கும் இல்லை. எப்பாவலைக் கல் தென்னைக்கும் தேயிலைக்கும் உதவுமேயன்றி, எளிதில் நீரில் கரையாமையால் குறுகிய காலப் பயிரான நெல்லுக்கு அப்படியே இடத்தக்கதன்று.

நவம்பர் மாதத்தில் தடை நீங்கியது. ஆனால் காலபோகம் காத்திருக்கவில்லை. 2022ஆம் ஆண்டு நாட்டின் நெல் விளைச்சல் முந்திய ஆண்டிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. வளமுள்ளவன் அரிசியை விலை கொடுத்து வாங்கினான். கூலித் தொழிலாளி வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரியவில்லை.

எப்பாவலையில் அபிவிருத்தியின் பெயரால் நிலைபேறு அழியவிருந்தது. 2021இல் நிலைபேற்றின் பெயரால் இன்றைய மக்களின் உணவு அழிந்தது. இரண்டிலும் நோய் ஒன்றே. அளவு பார்க்கவில்லை, அநுபவிப்பவரைக் கேட்கவில்லை. மெல்ல மெல்லக் குறைத்து, மாற்றுவழியை முதலில் உண்டாக்கி, கமக்காரரோடு இருந்து பேசிச் செய்திருந்தால், இரசாயனப் பசளையைக் குறைப்பது மிக நல்ல காரியமே. அது ஏன் நல்லது என்பதை அறிய நாம் தூரம் போகவேண்டுவதில்லை. நமது கிணற்றையே எட்டிப் பார்ப்போம்.

நமது கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் மாத்திரம் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அதுவே நமக்குக் குடிநீர்; அதுவே தோட்டத்துக்கும் நீர். நன்னீர் இலேசானது; கடல்நீர் பாரமானது. ஒரே கொள்ளளவில் நன்னீர் 40 பங்கு எடை என்றால் கடல்நீர் 41 பங்கு எடை. ஆகவே நிலத்தடி நன்னீர், கீழேயுள்ள உப்பு நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. புத்தூர் நிலாவரைக் கேணியில் மேலே நல்ல நீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பது இவ்வுண்மையின் கண்கண்ட காட்சி.

இந்த 40க்கும் 41க்கும் இடையேயுள்ள சிறு வேற்றுமையில் பெரிய எச்சரிக்கை ஒன்று அடங்கியிருக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது பௌதிக விதி. இதனை 19ஆம் நூற்றாண்டின் முடிவையொட்டி ஐரோப்பிய அறிஞர் இருவர் தனித்தனியே கண்டு கூறினர். அவ்வாறாயின், நாம் இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தி, அதனை அப்படியே தாழவிட்டால், கீழேயிருந்து உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி மேலே வரப் பார்க்கும். நாம் காண்பது ஓர் அடி. காணாதது 40 அடி. ஒருமுறை உவர்ந்த கிணறு நல்ல கிணறாக மீள்வதற்குப் பல மாரிகள் செல்லும்.

முன்னாளில் துலாவில் ஏறி மிதித்துப் பட்டையால் இறைத்தார்கள். அது கடும் உழைப்பு. அந்த உழைப்பே ஓர் அளவுகோலாகவும் இருந்தது; மனிதன் களைக்கும்போது கிணறு ஆறியது. 1950களிலும் 1960களிலும் நீரிறைக்கும் இயந்திரம் பரவியது. அது வந்ததை நாம் குறை கூறுவதற்கில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதனால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்து, பிள்ளைகளைப் படிக்கவைத்துத் தலைநிமிர்ந்தன. ஆனால் இயந்திரம் களைப்பதில்லை. உடம்பு வைத்திருந்த அளவை இனி அறிவு வைத்திருக்கவேண்டும்.

உப்பு ஒன்றே ஆபத்து அன்று. தோட்டத்துக்கு மிகையாக இட்ட பசளையும், மாட்டெருவும், மலகூடக் குழிகளின் கசிவும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு வழியே இறங்கி, நைதரேற்றாகக் கிணற்றில் சேர்கின்றன. வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இது குடிநீருக்குரிய எல்லையை மீறியிருப்பதை 1980கள் தொட்டு நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். மிகையான நைதரேற்று பாற்குடிப் பிள்ளைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் கெடுக்கும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. விளைச்சலின் இலாபம் பெரியவர் கைக்கு வருகின்றது. அதன் செலவைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை கொடுக்கின்றது. சந்ததிகளுக்கிடையிலான நீதி என்று அறிஞர் சொல்லும் நீண்ட சொல்லின் பொருள் இதுதான்.

சுன்னாகத்தில் நிகழ்ந்ததையும் நினைவூட்டவேண்டும். ஒரு மின்னுற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு அயலிலுள்ள கிணறுகளில் கலந்தது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாட்டைக் கொண்டு, கிணற்றுக்காரருக்கு 20 மில்லியன் ரூபா நட்டஈடு கொடுக்குமாறு அந்நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. நட்டஈடு நீதிதான். ஆனால் நட்டஈட்டுப் பணத்தைக் குடிக்க முடியாது.

வெளியிலிருந்து நீர் கொண்டுவரலாம் என்று திட்டங்கள் பல எழுந்தன. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குத் தருவதென்றபோது, எங்கள் வயல் காய்ந்தால் யார் பொறுப்பு என்று கிளிநொச்சிக் கமக்காரர் கேட்டனர். கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் என்றபோது, எங்கள் கடல் என்னாகும் என்று மீனவர் கேட்டனர். அந்நிலையம் 2024ஆம் ஆண்டில் தாளையடியில் திறக்கப்பட்டது. கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் பெரிதும் வேண்டும். செலவின்றி வரும் நீர் எங்குமில்லை; ஒருவர் குடம் நிறையும்போது மற்றொருவர் குடத்தையும் பார்க்கவேண்டும். கமக்காரரும் மீனவரும் கேட்ட கேள்விகளைச் சிலர் இடையூறு என்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. கேள்வி எழாத இடத்தில்தான் நவூருகள் உண்டாகின்றன.

நமது கடமை

அன்பர்களே, உலக மகாநாடுகளை நாம் கூட்ட முடியாது. ஆயினும் நமது கைக்கு எட்டிய காரியங்கள் சில உள. அவற்றை இம்மன்றத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, அளப்போம். ஊரிலுள்ள கிணறுகளில் சிலவற்றைத் தெரிந்து, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை ஒரு நூற்கயிற்றால் அளந்து ஒரு கொப்பியில் எழுதுவோம். மாரிக்கு முன்னும் பின்னும் நீரைப் பரிசோதிப்பிப்போம். பத்து ஆண்டு எழுதிய கொப்பி ஒன்று ஊரில் இருந்தால், எந்த அதிகாரியும் அவ்வூரை வெறுங்கையோடு வந்தவர்களாகக் கருத மாட்டார்.

இரண்டாவது, நிரப்புவோம். நமது முன்னோர் ஊர்தோறும் குளமும் கேணியும் வெட்டியது அழகுக்காக மாத்திரம் அன்று. மாரி நீர் கடலுக்கு ஓடாமல் நின்று நிலத்தில் இறங்கவேண்டும் என்பதற்காகவே. இன்று தூர்ந்த குளங்களும், குப்பை கொட்டப்படும் கேணிகளும், மதில் கட்டி அடைக்கப்பட்ட வெள்ள வாய்க்கால்களும் பல. கிணற்றிலிருந்து எடுப்பதற்குத் தனித்தனியே இயந்திரம் வைத்திருக்கும் நாம், கிணற்றுக்குக் கொடுப்பதற்குக் கூட்டாக ஒரு மண்வெட்டியாவது எடுக்கவேண்டும். சிரமதானத்துக்கு இதனிலும் சிறந்த பணி வேறில்லை.

மூன்றாவது, கேட்போம். நமது ஊரில் எவ்வித வேலை வந்தாலும், அது அரசாங்கத்தினுடையதாயினும் தனியாருடையதாயினும், எவ்வளவு எடுக்கப்போகிறீர்கள், எத்தனை ஆண்டுக்கு, கழிவு எங்கே போகும், யாரைக் கேட்டீர்கள் என்று மரியாதையோடு கேட்போம். அதே கேள்விகளை நம்மையும் கேட்போம். பக்கத்துத் தோட்டக்காரரின் கிணறு வற்றும்போது நமது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், நிறுவனங்களைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை குறைவு.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்தக் குளம் எப்போது நிரம்பியது, எந்தக் கிணறு எப்போது உவர்த்தது என்பவை உங்கள் நினைவில் இருக்கின்றன. அவற்றை இளைஞர்களுக்குச் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இளைஞர்களுக்கும் ஒன்று கூறுவோம். படித்து வெளியூரும் வெளிநாடும் செல்லுங்கள், அதில் தவறில்லை. உங்கள் படிப்பின் ஒரு பகுதி இந்தக் கிணற்று நீரால் விளைந்தது என்பதை மாத்திரம் மறவாதீர்கள். நாளை இவ்வூருக்கு நீங்கள் அனுப்பும் பணத்தில், மதில் கட்டுவதற்கு முன் குளம் தூர்வாரவும் ஒரு பங்கு வையுங்கள்.

நிலைபேறான அபிவிருத்தி என்பது நமக்கு அந்நியமான சொல் அன்று. அரிதான சொல்லும் அன்று. இன்று வீட்டிலுள்ளோர் தாகம் தீரக் குடிக்கவேண்டும். நாளை பிறப்பவருக்கும் அதே கிணற்றில் நல்ல நீர் இருக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் அளவை அறிவதும், அந்த அளவை ஊர் கூடித் தீர்மானிப்பதுமே அதன் முழுப்பொருள். வரும் மாரிக்கு முன்னரே நமது ஊர்க் குளமொன்றில் இப்பணி தொடங்கவேண்டும் என்று மன்றத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம்.